சொல்லி முடிக்கும் வரை

ஆற்று வளைவில், புதருக்குள் ஒரு விளக்கை நட்டுவிட்டுத் திரும்பும்போது பூங்கோதைக்கு அந்த நினைப்பு மறுபடியும் வந்து ஒட்டிக்கொண்டது. வேண்டுமென்றேதான் தாமதித்தேனா? பதினெட்டாவது நிமிடம் அது. ஜெனிஷ் இரண்டு எதிரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றான். அவன்மேல் கேடயத்தைப் போர்த்துவது அவள் வேலை, அவள் அணியில் இருப்பதே அதற்குத்தான். இடது கை நடுவிரல் அந்தப் பொத்தானின்மேல்தான் இருந்தது. கண் பார்த்துவிட்டது, மனசு சொல்லிவிட்டது, விரல் மட்டும் அரை நொடி சும்மா கிடந்தது. அந்த அரை நொடியில் ஜெனிஷ் செத்துப்போனான். கம்ப்யூட்டர் விளையாட்டில்தான். முப்பது நொடியில் எழுந்தும் வந்துவிட்டான். ஹெட்போனில் மார்த்தாண்டத்திலிருந்து அவன் குரல், "உப்பு, எங்கடே போன?" என்று மட்டும் கேட்டது. உப்பு என்பது விளையாட்டில் அவள் பெயர். கோபப்பட்டிருந்தால் தேவலை. கோபம் இல்லாததால் அந்தக் கேள்வி அப்படியே காதுக்குள் உட்கார்ந்திருக்கிறது. எங்கே போனேன்? எங்கேயும் போகவில்லை. கோயம்புத்தூருக்குப் போயிருந்தேன். இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் அடுத்த மாதம் கோயம்புத்தூரில் மேடை போட்டு நேரில் ஆட வேண்டும், ஐந்து பேரையும் வரிசையாக நிற்க வைத்து, கையில் மைக்கைக் கொடுத்து, பெயரையும் ஊரையும் சொல்லச் சொல்வார்கள். விதிமுறைத் தாளில் நான்காவது பத்தியில் அது இருந்தது. அதை அவள் பத்து நாளாக மனசுக்குள் வாசித்துக்கொண்டிருக்கிறாள், அந்த அரை நொடிக்கு முன்புகூட வாசித்துக்கொண்டிருந்திருப்பாள், யார் கண்டது, தோற்றால் அந்த மேடை இல்லை, விரலுக்கு அது தெரிந்திருக்குமோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்றரை மணி. ஈரோட்டில் கருங்கல்பாளையத்து வீட்டின் பின்னறை, மேலே காற்றாடி சுற்றினாலும் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அணிக்கொரு ஆட்டம் ஜெயித்து, இது மூன்றாவது, முடிவு சொல்லும் ஆட்டம். ஐந்து பேருக்கு ஐந்து பேர். நடுவில் காடு, காட்டைச் சுற்றி மூன்று பாதைகள், இரண்டு மூலையிலும் இரண்டு கோட்டைகள், எவன் கோட்டையின் நடுக்கல் முதலில் உடைகிறதோ அவன் தோற்றான். காடு முழுக்க இருட்டு. நம் ஆட்கள் நிற்கிற இடமும், விளக்கு நட்ட இடமும் மட்டும் தெரியும். அந்த விளக்குகளை நடுவது சப்போர்ட் ஆடுகிறவர்களின் வேலை. எதிரியைக் கொல்ல வேண்டியதில்லை, கொன்றாலும் அந்தப் பேர் இன்னொருத்தருக்குப் போனால்தான் நல்லது. அடிப்பது ஜெனிஷ், அவன் வளர்ந்து பலம் ஏறும்வரை அவன் சாகாமல் பார்த்துக்கொள்வது பூங்கோதை, எல்லோரையும் எங்கே போ, எப்போது திரும்பு என்று வாயால் நடத்துவது வாணியம்பாடி நௌஷாத். தணிகையும் ஆரோனும் மற்ற இரண்டு பாதைகள். நான்கு பேரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. மூன்று மாதமாகக் குரல்களாகத் தெரியும். ஆரோன் ஏதோ தின்றுகொண்டே ஆடுவான். தணிகைக்கு ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஒரு பெருமூச்சு வரும். அவளுடைய குரலை யாரும் கேட்டதில்லை. முதல் நாளே, 'மைக் ரிப்பேர்' என்று எழுதிப் போட்டாள். மூன்று மாதமாக அது ரிப்பேர்தான். அவர்களும் விட்டுவிட்டார்கள். உப்பு ப்ரோ பேசமாட்டாரு, ஆனா எல்லாம் பார்த்துட்டே இருப்பாரு என்று ஒருநாள் ஆரோன் யாரிடமோ சொன்னது கேட்டது. ப்ரோ. அதையும் அவள் திருத்தவில்லை.

உப்பு என்று பெயர் வைத்துக்கொண்டதற்குக் காரணம் உ. உ வந்துவிடும். உயிரெழுத்தில் தொடங்குகிற சொல் முக்கால்வாசி நாள் மக்கர் பண்ணாமல் வெளியே வரும். ப தான் எமன், அதற்கடுத்து க, பிறகு த. உதடு ஒட்டிக்கொள்ளும், பின்னால் காற்று வந்து முட்டும், கழுத்து நரம்பு புடைக்கும், எதிரே நிற்கிறவரின் முகத்தில் அந்தப் பொறுமை வரும், அதற்குப் பின்னால் அந்த இரக்கம் வரும். விளையாட்டில் பெயரை எழுதத்தானே வேண்டும், வாயால் சொல்ல வேண்டியதில்லையே. இருந்தும் மனசு சொல்லக்கூடிய ஒன்றைத்தான் தேடி எடுத்தது. இருபத்தைந்து வருஷத்துப் பழக்கம். அவள் தமிழைப் பேசுவதில்லை, தமிழுக்குள் சந்து சந்தாகப் புகுந்து போகிறாள். பால் என்று வராது, மில்க் என்பாள். கத்தி வராது, அரிய ஏதாச்சும் குடுங்க என்பாள். பெருந்துறையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, தினமும் ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் போக வேண்டும், கண்டக்டரிடம் பெருந்துறை என்று சொல்ல முடியாது, அதனால் அடுத்த ஊரான விஜயமங்கலத்துக்கு டிக்கெட் வாங்கிப் பெருந்துறையில் இறங்கிக்கொள்வாள். ஒரு கண்டக்டர் கவனித்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, வெஜயமங்கலத்துக்கு எடுத்துப்போட்டு தெனமும் இங்கயே எறங்கறீங்க?" என்று கேட்டபோது, "வேல இருக்குங்க" என்றாள். வே வந்துவிட்டது. ஆறாம் வகுப்பில் வருகைப் பதிவுக்கு 'பிரசன்ட் மிஸ்' சொல்ல வேண்டும், அவள் உதட்டை மூடிக்கொண்டு நிற்பாள், டீச்சர் தலைநிமிராமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். பதினோரு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை என்று வீட்டுக்குக் கடிதம் வந்தது. பதினோரு நாளும் இரண்டாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"உப்பு, ஆத்தங்கரைல வெளக்கு இருக்கா?" என்று நௌஷாத் கேட்டான். இருக்கிறது என்பதற்கு ஒரு முறை சொடுக்கினாள், வரைபடத்தில் ஒரு பச்சைப் பொட்டு மின்னியது. அவள் பேச்சு அவ்வளவுதான், ஆமாம் என்பதற்குப் பச்சை, ஆபத்துக்குச் சிவப்பு. போதும் என்றுதான் இத்தனை நாள் இருந்தது. கடையிலும் போதும். முன்னால் வருகிறவர்களிடம் பேசுவது முதலாளி சிவசாமி அண்ணன், பின்னால் சின்ன அறையில் கண்ணாடியை ஃபிரேமின் அளவுக்கு உரசிச் சரிசெய்வது இவள். மெஷின் போடுகிற இரைச்சலில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். யாரோ ஒருவர் நாளைக்குக் காலையில் மகன் முகத்தைத் தெளிவாகப் பார்ப்பார், அது போதும். போதுமா? போதும் என்பதையே அவளால் மனசுக்குள்தான் சொல்ல முடிகிறது, வெளியே சொன்னால் அது ப்-ப்-ப். அந்த அரை நொடி. வேண்டுமென்றே இல்லை. விரல் வியர்த்திருந்தது, அதுதான். ஆனால் வியர்த்த விரல் வழுக்கும், நிற்காது. நின்றது. மனசறிந்து ஒருத்தனைச் சாகவிட்டேன் என்றால் மூன்று மாதமாக நான் செய்ததெல்லாம் என்ன?

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள், ஒரு கையில் டம்ளர், மறு கையில் காதில் வைத்த செல்போன். "உங்க சுமதி அத்தை, உன்ர கிட்ட ஒரு வார்த்த பேசோணுமாம். இல்ல சுமதி, அவ கம்ப்யூட்டர்ல ஏதோ வேலையா இருக்கறா... நல்லா இருக்கறா... ஆமா ஆமா, அதேதான் சொல்ல வர்றா." பூங்கோதை இன்னும் வாயையே திறக்கவில்லை. அம்மா நல்லவள். மகள் ஒரு எழுத்தில் நின்றால் மீதியைச் சட்டென்று எடுத்துக் கொடுத்துவிடுவாள், தடுக்கி விழப்போகிறவளைப் பிடிக்கிற மாதிரி, இருபத்தைந்து வருஷமாகப் பிடித்துக்கொண்டே இருக்கிறாள். பல நேரம் சரியான சொல்லைத்தான் எடுத்துக் கொடுப்பாள். சில நேரம் வேறு சொல்லாக இருக்கும், அப்போது பூங்கோதை தலையாட்டிவிடுவாள், காப்பி வேண்டும் என்று தொடங்கிக் கஞ்சி குடித்த நாட்கள் உண்டு. "காப்பி ஆறிப்போகும், குடிச்சுப்போடு கண்ணு" என்று டம்ளரை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு அம்மா போனாள். திரையில் இருபத்தாறாவது நிமிடம். அணிகள் கிட்டத்தட்டச் சரிசமம். எதிரியின் நடுப்பாதைக் காவல் கோபுரம் ஒன்று விழுந்திருந்தது, இவர்களுடையது இரண்டு. ஜெனிஷின் பலம் இப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கிறது. பத்து நிமிடம் அவனைச் சாகாமல் வைத்திருந்தால் போதும், அதற்குப் பிறகு அவனை யாராலும் தடுக்க முடியாது. அது அவளுக்குத் தெரியும். தெரிவதுதான் பயமாக இருந்தது, ஏனென்றால் அந்தப் பத்து நிமிடம் அவள் கையில் இருந்தது.

"தணிகை மேல போ, ஆரோன் நீ நடுவுல நில்லு, அவனுங்க இப்ப யானைக்குப் போவானுங்க, நாம..." என்று நௌஷாத் சொல்லிக்கொண்டே இருந்தான், காட்டின் நடுவில் குகைக்குள் இருக்கிற பெரிய விலங்கைத்தான் யானை என்பார்கள், அது யானை மாதிரியே இருக்காது, அதைக் கொல்கிற அணிக்குப் பலம் கூடும், "நாம அதுக்கு முன்னாடி..." என்றான், அதோடு நின்றது. விளையாட்டில் அவன் உருவம் நடந்த வேகத்தில் நடந்து ஒரு பாறையில் முட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. "நௌஷாத்? டேய்?" என்றான் ஆரோன். பத்து நொடி கழித்து நௌஷாத்தின் செல்போனிலிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது: கரன்ட் போச்சு, இப்ப வர்றேன், சமாளிங்க. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்தா கரன்ட் போக வேண்டும். தணிகை அந்தப் பெருமூச்சை ஆட்டம் முடிவதற்கு முன்பே விட்டான். "இப்ப யாரு சொல்றது?" என்று கேட்டான். நான்கு பேர், எதிரே ஐந்து பேர், நடத்தக் குரல் இல்லை. ஹெட்போனில் வெறும் மூச்சுச் சத்தம் கேட்டது. ஜெனிஷ் வழக்கம்போலக் கீழ்ப்பாதையில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தான்.

அப்போது ஆற்றங்கரை விளக்கில் தெரிந்தது. ஒருவன். அவன் பின்னால் இன்னொருவன். மூன்றாவது. புதரோரமாக, ஓசையில்லாமல், ஜெனிஷுக்குப் பின்பக்கமாக. பூங்கோதை சிவப்பைச் சொடுக்கினாள். இரண்டு முறை, மூன்று முறை, ஐந்து முறை. ஜெனிஷ் திரும்பவில்லை. மூன்று மாதமாக அவள் சொடுக்குகிறாள், அவனுக்கு அது மழைச்சத்தம் மாதிரி ஆகிவிட்டிருக்கும். ஆறாவது சொடுக்கில் விளையாட்டே அவளைத் தடுத்தது, அளவுக்கு மீறிச் சொடுக்கினால் கொஞ்ச நேரத்துக்கு அடைத்துவிடும். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. இனி வாய்தான். மைக் ரிப்பேர் ஆகவில்லை, ஒருநாளும் ஆகவில்லை, கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பொத்தான், அழுத்தினால் மூன்று பேருக்குக் கேட்கும். சொல்ல வேண்டியது ஒரே சொல். பின்னாடி. ப. வேறு சொல், வேறு சொல், முதுகுப்பக்கம், மு வரும் ஆனால் நீளம், திரும்பு, த, ஆபத்து, ஆ வரும், ஆனால் ஆபத்து எந்தப் பக்கம், ஆபத்து என்று யாராவது பேசும்போது சொல்வார்களா, வர்றாங்க, வர்றாங்க என்றால் யார் எங்கே. சும்மா இருந்துவிடலாம். சும்மா இருந்தால் அவன் சாவான், கீழ்ப்பாதை போகும், ஆட்டம் போகும், கோயம்புத்தூர் போகும், மேடை போகும், யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள், மைக் ரிப்பேர் ஆனவளை என்ன சொல்ல முடியும். எவ்வளவு வசதியான ரிப்பேர். விரல் மறுபடியும் நின்றது. நிற்பதை இந்த முறை அவள் பார்த்துவிட்டாள். நேருக்கு நேராக, தன் கையைத் தானே பார்க்கிற மாதிரி. அப்படியென்றால் பதினெட்டாவது நிமிடத்திலும் இதுதான். வியர்வையும் இல்லை, ஒன்றும் இல்லை. நான்தான். கட்டைவிரல் இறங்கியது. "ப்" என்றாள். "ப்... ப்... ப்..." உதடு பூட்டிக்கொண்டது.

"யாருடே அது?" என்றான் ஜெனிஷ். புதரிலிருந்து மூவரும் பாய்ந்தார்கள். "...பின்னாடி" என்று அந்தச் சொல் முழுசாக வெளியே வந்து விழுந்தபோது ஜெனிஷ் தரையில் கிடந்தான், திரை ஓரத்தில் அவன் படம் சாம்பல் நிறமாகியிருந்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது. பிறகு ஆரோன், வாயில் எதையோ மென்றுகொண்டே, ரொம்பச் சாதாரணமாக, "உப்பு ப்ரோ, மைக் ரெடி ஆயிடுச்சா? வாய்ஸ் கட் ஆயி கட் ஆயி வருது. நெட் இஷ்யூ. ரூட்டரை ஒரு வாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றான். நெட். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அவள் தேடின சந்து இதுதான், இவ்வளவு அகலமான சந்தை யாரும் இதற்கு முன் அவளுக்குத் திறந்து காட்டியதில்லை. ஆமா என்று எழுதினால் போதும். ஆ வரும், எழுதுவதற்கு அதுகூடத் தேவையில்லை. ஆமா, நெட். இனி எத்தனை திக்கினாலும் நெட். கோயம்புத்தூருக்கு மட்டும் ஏதாவது காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். விரல்கள் எழுத்துப்பலகைக்குப் போயேவிட்டன, ஆ என்று அடித்தும்விட்டாள். அந்த ஒற்றை எழுத்து திரையின் மூலையில் அதற்கடுத்ததற்காகத் துடித்துக்கொண்டு நின்றது. ஜெனிஷ் செத்துக் கிடந்தான். அவன் எழுந்து வர நாற்பது நொடி. அந்த நாற்பது நொடியும் அவன், "எங்கடே போன" என்றுகூடக் கேட்கவில்லை. அவள் அந்த எழுத்தை அழித்தாள். பொத்தானை அழுத்தினாள். "நெட்... நல்லாத்தான் இருக்கு" என்றாள். "நான்... தி... தி... தி..." தலை முன்னால் குனிந்தது, கண் மூடிக்கொண்டது, மூடட்டும், யார் பார்க்கிறார்கள், "...திக்குவேன்."

மறுமுனையில் ஆரோன் மெல்லுவது நின்றது. ஜெனிஷ், "எலே, நீ பொண்ணா?" என்றான். "டேய், அதுவாடா இப்ப முக்கியம்?" என்று தணிகை அவன்மேல் பாய்ந்தான், "மூணு பேரு கீழ இருக்காங்க, மீதி ரெண்டு பேரு எங்க? உப்பு, உங்களுக்குத் தெரியுதா? சொல்லுங்க." சொல்லுங்க. அந்தச் சொல்லில் இரக்கம் இல்லை, அவசரம் மட்டும் இருந்தது, தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்கிற அவசரம். இரண்டு பேர் மேலே இருந்தார்கள், அவளுடைய வேறொரு விளக்கில் தெரிந்தார்கள். "மேல... ரெண்டு பேர்" என்றாள், அது தடங்கலில்லாமல் வந்தது, அவளுக்கே ஆச்சரியம். தணிகை அந்தப் பக்கம் ஓடினான். ஆரோன் கோட்டை வாசலில் நின்றான். நான்கு பேரும் ஒடுங்கி, வாசலைக் காத்து, ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. நடுவில் ஒரு விஷயம் அவளுக்குப் பிடிபட்டது. எதிரி வந்த பிறகு சொல்லத் தொடங்கினால் அவள் வாய்க்கு நேரம் போதாது. அதனால் வருவதற்கு முன்பே தொடங்கினாள். அவன் எந்தப் புதருக்குப் போவான் என்று யோசித்து, அவன் கால் வைப்பதற்கு ஐந்து நொடி முன்னாலேயே சொல்லை வாயில் வைத்துத் தள்ளத் தொடங்கினால், சொல்லும் அவனும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். கடையில் கண்ணாடியை உரசும்போதும் அப்படித்தான், கோட்டில் போய் நிறுத்தினால் தாண்டிவிடும், அதற்கு ஒரு மயிரிழை முன்பே கையை எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு அது தானாகக் கோட்டில் போய் நிற்கும்.

முப்பத்தோராவது நிமிடத்தில் எதிரிகள் ஐந்து பேரும் வரைபடத்திலிருந்து மறைந்தார்கள். ஒரு விளக்கிலும் ஒருவனும் இல்லை. யானைக் குகைப் பக்கம் மட்டும் விளக்கு அணைந்திருந்தது, அணைந்ததென்றால் அணைத்திருக்கிறார்கள், அணைத்தவர்கள் உள்ளே காத்திருக்கிறார்கள். வலை. பார்க்க வருகிறவனைப் பிடிப்பதற்கு. அவள் பொத்தானை அழுத்தினாள். யாரும் போகாதீங்க. யா வந்துவிடும் என்று நம்பித்தான் தொடங்கினாள். "யா..." நின்றது. வராத எழுத்தெல்லாம் வந்த தைரியத்தில், வருகிற எழுத்து நின்றுவிட்டது. "யா... யா..." "யானையா!" என்று ஆரோன் கத்தினான். "யானை அடிக்கறானுங்க, வாங்க வாங்க வாங்க!" மூன்று பேரும் ஓடினார்கள். யா, யா என்று அவள் வாய் இங்கே அடித்துக்கொண்டிருக்க, அங்கே அவர்கள் குகைக்குள் இறங்கினார்கள், எதிரிகள் ஐந்து பேரும் ஐந்து பக்கத்திலிருந்து பாய்ந்தார்கள், ஆரோன் செத்தான், தணிகை செத்தான், ஜெனிஷ் கால்வாசி உயிரோடு சுவரோரமாக வெளியே ஓடிவந்தான், அவன்மேல் அவள் கேடயத்தைப் போட்டாள், இந்த முறை விரல் எதையும் யோசிக்கவில்லை. போட்ட பிறகுதான், "...ரும் போகாதீங்க" என்று மீதி வந்து சேர்ந்தது.

அவளுக்குள் ஏதோ ஏறி வந்தது, பயம் இல்லை என்று தெரிந்தது, வேறெதுவோ, அதற்கு அவளிடம் உடனடியாகப் பெயர் இல்லை. காப்பிக்குக் கஞ்சி. பதினோரு நாள். யாரும் போகாதீங்க என்று சொன்னவளுக்கு யானை. எத்தனை பேர் எத்தனை யானையை அவள் வாயில் வைத்திருக்கிறார்கள், அத்தனைக்கும் அவள் தலையாட்டியிருக்கிறாள். "நான்" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, கொஞ்சம் கரகரப்பாக, எதிர்பார்த்ததைவிடக் கனமாக. "நான் சொல்லி... மு... மு... முடிக்கற வரைக்கும் இருங்க. நீங்களா... மு... முடிக்காதீங்க. எத்தன நேரம் ஆனாலும் இருங்க." இதை அவள் இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லலாம் என்றே தோன்றியதில்லை. காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் ஆரோன் எழுந்துவர இருபது நொடி என்று காட்டியது. "சாரி" என்றான் ஆரோன், மெல்லாத குரலில். "என் தப்பு. இனிமே வாயத் தொறக்கல." "தொற" என்றாள் அவள், "ஆனா அப்பறமா." தணிகை சிரித்தான். ஜெனிஷும் சிரித்தான். ஆட்டத்தின் நடுவே, இரண்டு பேர் செத்துக் கிடக்கும்போது, நான்கு பேரும் சிரித்தார்கள்.

நௌஷாத் முப்பத்து நான்காவது நிமிடத்தில் திரும்பி வந்தான், செல்போன் நெட்டைப் பிடித்து, பழைய லேப்டாப் ஒன்றில். "வந்துட்டேன்பா, என்ன நெலம, யாரு சொல்றீங்க?" என்று கேட்டான். "உப்பு சொல்லுது. நீ சும்மா கேளு. முடிக்கற வரைக்கும் பேசாத" என்றான் ஜெனிஷ். நௌஷாத் ஒருகணம் ஏதோ கேட்க வந்து, கேட்காமல், "சரி, சொல்லுங்க" என்றான். அவள் சொன்னாள். எல்லாம் சரளமாக வந்துவிடவில்லை. சில சொல் நின்றது, சில சொல் பாதியில் திரும்பிப் போனது, ஒருமுறை கீழ்ப்பாதை என்பதற்குப் பதிலாக, "ஜெனிஷ் இருக்கற எடம்" என்று சுற்றி வந்தாள், அதையும் புரிந்துகொண்டார்கள். அவள் நிற்கும்போது அவர்களும் நின்றார்கள், நான்கு உருவங்கள் புதருக்குள் அசையாமல். எதிரிக்கு அது என்னவென்று புரிந்திருக்காது. எப்போதும் பாய்ந்து வருகிற அணி திடீரென்று இவ்வளவு நிதானமாக நிற்கிறதே என்று குழம்பியிருப்பார்கள். குழம்பி, பொறுமையிழந்து, முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் அவர்களே இந்தக் கோட்டை வாசலுக்குப் பாய்ந்து வந்தார்கள். ஜெனிஷ் அடித்தான். அவனை யாராலும் தொட முடியவில்லை, தொட வந்த ஒவ்வொரு அடியும் அவள் போர்த்திய கேடயத்தில் பட்டுத் தெறித்தது. எதிரிகள் ஐந்து பேரும் விழுந்தார்கள். மூன்று பாதையும் வெறுமையாகக் கிடந்தது. "நே..." என்றாள், "நே..." ஐந்து உருவங்கள் காத்திருந்தன, அவளுடையதையும் சேர்த்து. "நேராப் போங்க." போனார்கள். நடுக்கல் உடைந்தபோது திரை முழுக்க வெள்ளையானது. ஹெட்போனில் ஒரே கூச்சல், யாருடைய குரல் எது என்று தெரியவில்லை.

கூச்சல் அடங்க நேரமானது. கோயம்புத்தூர், கோயம்புத்தூர் என்று ஆரோன் பாட்டாகப் பாடினான். அவளுக்குள் அந்தப் பழைய பயம் வந்து உட்கார்ந்தது. அது எங்கேயும் போகவில்லை, போகுமென்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. மேடை இருக்கும், மைக் இருக்கும், உதடு ஒட்டும். நின்று பார்க்கலாம் என்று மட்டும் தோன்றியது. நௌஷாத் எல்லோருக்கும் ரயிலில் சீட்டுப் போடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜெனிஷ் நடுவில் நுழைந்து, "ஆமா உப்பு, மூணு மாசமா நீ என் பின்னாலயே வந்திருக்க. நான் ஆடுறது எப்படி? உள்ளதச் சொல்லு" என்றான், பாராட்டு வாங்கப்போகிறவனின் குரலில். அவள் ஒரு மடக்குக் காப்பி குடித்தாள், ஆறிப்போயிருந்தது. "மோசம்" என்றாள். "விளக்கு இல்லாத எடத்துக்கு நீ... ஏ... ஏன் ஓடற? நான் நட்டுட்டு வர்ற வரைக்கும் நிக்க மாட்டியா? இன்னிக்கி மட்டும் ஆறு வாட்டி. நேத்து எட்டு. உயிர் பாதி போனதும் திரும்பி வரோணும்னு தெரியாதா? நீ வருவேன்னு நான் ஒரு பக்கம் நிக்கறேன், நீ இன்னொரு பக்கம்..." இத்தனையையும் எங்கே வைத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, வந்துகொண்டே இருந்தது, நின்று நின்று, முட்டி முட்டி, ஆனால் வந்துகொண்டே. ஆரோன் சத்தம் வராமல் சிரிக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தான். "அதுவுமில்லாம, செத்ததும் உடனே எங்கடே போனன்னு எங்கிட்டயே கே... க்... க்... க்..." அங்கே தொண்டை பூட்டிக்கொண்டது. மூன்று நொடி. ஐந்து நொடி. மார்த்தாண்டத்தில் ஜெனிஷின் தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது. யாரும் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. "ம்" என்றான் ஜெனிஷ் மெதுவாக, "கேட்டுட்டுதான் இருக்கேன்." அவள் கண்ணை மூடவில்லை. இன்னொரு மூச்சை இழுத்துக்கொண்டு, அவசரமில்லாமல், அந்தச் சொல்லை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.